பிரேக் புடிக்கலையா? பழைய காரில் பழுது எங்கே என்று பெடலை வைத்தே கண்டுபிடிக்கும் வழி

போன ஐப்பசியில் மச்சான் ஒரு அவசர வேலை என்று என் காரை வாங்கிக்கொண்டு போனான். 2002 மாடல் மாருதி ஜென். ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பியவன், கத்திப்பாரா தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு போன் பண்ணினான். "மாமா, இந்த வண்டில பிரேக்குன்னு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று காலையில்கூட அதே வண்டியில் மார்க்கெட் போய் வந்திருந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

தெரிந்திருக்காது. பழைய வண்டியில் பிரேக் ஒரே நாளில் போவது அபூர்வம். மாதா மாதம் பெடல் ஒரு நூல் இறங்கும். நம் கால் அதே ஒரு நூல் முன்கூட்டியே மிதிக்கப் பழகிவிடும். செருப்பு தேய்ந்தது போட்டிருக்கிறவனுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். அதனால் முதல் பரிசோதனைக்கு ஸ்பேனர் தேவையில்லை. வேறு வண்டி ஓட்டுகிற ஒருவரிடம் சாவியைக் கொடுத்து ஒரு சுற்று போய்வரச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து நான் செய்த தப்பு, பெரும்பாலானவர்கள் செய்வதுதான்: பிரேக் சரியில்லை என்றதும் நேரே போய் முன் சக்கரத்துக்குப் புது பேட் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டை) வாங்கி மாட்டினேன். பிரேக்கில் ஒரு மாற்றமும் இல்லை. காசு போனதுதான் மிச்சம். பழுது இருந்த இடமே வேறு. பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்று ஐந்து நிமிடம் கவனித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்), நடுவில் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு வேக்குவம் பூஸ்டர் உள்ள சின்ன கார்களை மனதில் வைத்து எழுதியது இது. ஜென், ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா வகையறா. அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். உங்கள் பழைய வண்டியில் ஏபிஎஸ் இருந்து அந்த விளக்கு எரிந்தால், அது தனிக் கதை. அதற்கு ஸ்கேனர் வைத்திருக்கும் ஆள் வேண்டும்.

ஜாக்கி எடுப்பதற்கு முன்

பெடல் தரை வரைக்கும் போகிறது, அல்லது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது என்றால் வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், இல்லை டோ செய்யுங்கள். "மெதுவா ஓட்டிட்டே போயிடலாம்" என்பது சென்னையில் நடக்காத காரியம். நீங்கள் மெதுவாகப் போகலாம், குறுக்கே வருகிற ஷேர் ஆட்டோ மெதுவாக வராது.

மற்றபடி, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஒரு வருடத்தில் மெல்ல இறங்கியது என்றால் அது பேட் தேய்ந்த கணக்கு. ஒரு வாரத்தில் இறங்கியது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

நிறத்தையும் பாருங்கள். புது ஆயில் நீர்த்த தேன் மாதிரி இருக்கும். டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் வயசாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 வரைக்கும்தான் உத்தரவாதம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இங்கே கடற்கரையோரம் இருப்பவர்கள் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மூடியைத் திறந்து அதன் அடியிலுள்ள ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். உப்பிப்போய், திரும்பப் பொருந்தாமல் வழுக்கினால் கெட்ட செய்தி. யாரோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். மூடி ரப்பருக்கு நேர்ந்தது உள்ளே ஒழுகாமல் தடுக்கும் அத்தனை ரப்பர் சீலுக்கும் நேர்ந்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுப்பது), கேலிப்பர், வீல் சிலிண்டர் (பின் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுவது), ஹோஸ் (ரப்பர் குழாய்) எல்லாவற்றிலும் ரப்பரை மாற்றி, பைப்புகளையும் கழுவித்தான் ஆக வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, சிரிக்காதீர்கள்: பெடலுக்குக் கீழே மேட் சுருண்டிருக்கிறதா, தண்ணீர் பாட்டில் உருண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனுக்குள் காற்று இருக்கிறது என்பதே முதல் சந்தேகம். மெக்கானிக்குகள் "ஏர் அடிச்சிருக்கு" என்பார்கள். சமீபத்தில் யாராவது கேலிப்பரையோ ஹோஸையோ கழற்றியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏர் எடுங்கள், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுங்கள். யாரும் கை வைக்காமலே காற்று புகுந்திருந்தால், அது புகுந்த வழியை முதலில் தேடுங்கள். ஒழுகும் இடம்தான் காற்று புகும் இடமும்.

ஏர் எடுக்கும் முறை பலருக்குத் தெரியும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தின் உள்பக்கம் இதற்கென்றே இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடிவிட்டு, "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று அப்படியே திரும்பப் போய்விடும். நம் ஊர் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், வழக்கமாகத் தூரத்திலிருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்குவார்கள். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். டப்பாவில் ஆயில் தீர்ந்துபோக விடாதீர்கள். விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வண்டிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க வேண்டாம். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் பாதி தூரம்தான் போய் வரும். மீதி தூரத்தில் பத்து இருபது வருட அழுக்கும் துருவும் படிந்திருக்கும். முழுசாக மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்துக்கொண்டு வந்த கதை இப்படித்தான் நடக்கிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

ஏர் சுத்தமாக எடுத்த பிறகும் பஞ்சாகவே இருந்தால், ஒருவரை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு முன் சக்கர ரப்பர் ஹோஸைப் பாருங்கள். பலூன் மாதிரி லேசாக உப்பினால் அதுதான் காரணம். ஹோஸை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது

என் வண்டியின் கதை இதுதான். ஒரு முறை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கும். விட்டு உடனே இன்னொரு முறை மிதித்தால் உயரத்தில் கெட்டியாக நிற்கும். பஞ்சுத்தன்மை கிடையாது. நான் எனக்கே தெரியாமல் ஒவ்வொரு சிக்னலிலும் இரண்டு தரம் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! மச்சான் ஒரு தரம்தான் மிதித்தான்.

இதற்கு அர்த்தம், பிரேக் ஷூ (டிரம்மின் உள்சுவரில் அழுந்தும் வளைந்த துண்டு) டிரம்மைத் தொட அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை மூன்று நான்கு கிளிக் இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். இப்போது பெடல் நன்றாக உயர்ந்து நின்றால் பழுது பின் டிரம்மில்தான். ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது, அதனால் கால் அலைய வேண்டியதில்லை. உயரவில்லை என்றால் பின் சக்கரத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

டிரம்முக்குள் ஷூ தேயத் தேய, அந்த இடைவெளியைத் தானாகவே ஈடுகட்ட ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. சின்னச் சின்னப் பல் வைத்த துண்டு. எங்கள் மெக்கானிக் அண்ணன் இடது டிரம்மைக் கழற்றியபோது முதலில் ஒரு பிடி கருப்புத் தூசி கொட்டியது. "ஊதாதீங்க சார்" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். ஷூவில் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் (உரசித் தேயும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் கம்ப்ரசர் வைத்து ஊதவே கூடாது. பிறகு அந்த அட்ஜஸ்டரை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். நகரவில்லை. பிளையர் வைத்தார், நகரவில்லை. பழைய மூடி ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது பல்லிடுக்கிலிருந்து செங்கல் பொடி மாதிரித் துரு வந்தது. ஷூவில் லைனிங் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆக, எந்தப் பாகமும் தீர்ந்துபோகவில்லை. ஒரு விரல் நீளத் துண்டு துருப்பிடித்து நகராமல் நின்றதுதான் மொத்தப் பழுது. நான் முன்னால் புது பேட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

துடைத்து, பொருந்தும் இடங்களில் மட்டும் பொட்டு அளவு அதிவெப்பம் தாங்கும் கிரீஸ் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக "சர்...சர்..." என்று உரசும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்தார். பெடல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இதில் பலர் ஒரு குறுக்கு வழி எடுப்பார்கள். பெடல் இறங்குகிறது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கவில்லை, சரி, கேபிளை டைட் வை என்பார்கள். அன்றைக்குச் சரியான மாதிரி தெரியும். ஆனால் கேபிள் எப்போதும் இழுபட்டே இருந்தால் பல வண்டிகளில் உள்ளேயிருக்கும் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. முதலில் டிரம், கடைசியில் கேபிள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது

சிக்னலில் நிற்கும்போது தெரிகிற பழுது இது. கிண்டி மாதிரி நீளமான சிக்னலில் காலை அழுத்தி வைத்திருப்பீர்கள், பெடல் உங்கள் காலுக்கடியில் நழுவுவது போல இறங்கிக்கொண்டே போகும். வீட்டில் சோதிக்க: இன்ஜினை ஓடவிட்டு, மிதமான அழுத்தத்தில் முப்பது வினாடி பிடியுங்கள். நிற்க வேண்டும்.

இறங்குகிறது, ஆயில் அளவும் குறைகிறது என்றால் வெளியே ஒழுக்கு. நான்கு சக்கரத்தின் உள்பக்கம், பைப் போகும் வழி முழுவதும் பாருங்கள். பின் டிரம்மில் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை லேசாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள்.

இறங்குகிறது, ஆனால் ஆயில் ஒரு சொட்டும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. ஆயில் சீலைத் தாண்டித் திரும்ப டப்பாவுக்கே போகிறது.

மூன்றாவது ஒன்று உண்டு, ஆளைக் குழப்பும். ஆயில் குறைகிறது, ஆனால் எங்கும் ஈரம் இல்லை. அப்போது மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி, பைப்பை வளைக்காமல் லேசாக முன்னால் இழுத்து, பூஸ்டர் பக்கம் பாருங்கள். பின் சீல் போய் ஆயில் முழுக்க பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து பூஸ்டரின் ரப்பரும் போகும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு கிட் (உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்களின் செட்) மட்டும் போடலாமா, முழுசாக மாற்றலாமா என்று கேட்பார்கள். உள் சுவரில் விரலை விட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் கிட் போதும். நகத்தில் கீறலோ குழியோ தட்டினால் முழுசாக மாற்றுவதே மலிவு.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

இதுவரை பார்த்ததற்கு நேர் எதிர். பெடல் உயரத்திலேயே இருக்கும், இறங்காது. ஆனால் எழுந்து நின்று மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

பூஸ்டரைச் சோதியுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதித்தால் பெடல் கெட்டியாகிவிடும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தால் ஸ்டார்ட் ஆன நொடியில் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் போய்விட்டது.

அவசரப்பட்டு பூஸ்டர் வாங்காதீர்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வரும் தடித்த ரப்பர் ஹோஸை முதலில் பாருங்கள். இருபது வருட வெயிலில் அது அப்பளம் மாதிரி வெடித்திருக்கும். அதில் ஒரு வழி வால்வு ஒன்று இருக்கும். ஹோஸோடு கழற்றி இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரண்டும் நன்றாக இருந்து, பெடலை மிதிக்கும்போது காலடியில் "உஸ்ஸ்" என்று விடாமல் சத்தம் வந்து, இன்ஜின் ஓட்டமும் மாறினால் பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் தடுப்பு கிழிந்திருக்கிறது. டீசல் வண்டிக்காரர்கள் வேக்குவம் பம்ப்பையும் பார்க்க வேண்டும். பல டீசல்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும்.

பூஸ்டர் நன்றாக இருந்தும் கல் மாதிரியே இருந்தால் பேட் கண்ணாடி பிடித்திருக்கலாம். மேற்பரப்பு பளபளவென்று மின்னும். லேசாக எமரி பேப்பர் போட்டால் தற்காலிகமாகச் சரியாகும். தரமில்லாத பேட் என்றால் திரும்பவும் மின்னும்.

அப்புறம் டயர். சக்கரம் கிறீச்சென்று லாக் ஆகி வழுக்குகிறது என்றால் பிரேக் தன் வேலையைச் செய்துவிட்டது. ரோட்டைப் பிடிக்காதது டயர். குறைவாக ஓடுகிற பழைய கார்களில் டிரெட் புதுசு மாதிரியே இருக்கும், ரப்பர் மட்டும் மரக்கட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. அதைப் படித்துவிட்டு பிரேக்கைத் திட்டுங்கள்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர் காற்று. இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

வண்டி வலது பக்கம் இழுத்தால் எல்லோரும் வலது சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் பழுது இடது பக்கம் இருக்கும். வலது பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது, இடது பிடிக்கவில்லை, அதனால் வண்டி பிடிக்கிற பக்கம் திரும்புகிறது. கேலிப்பர் வழுக்கி நகர வேண்டிய இரண்டு பின்கள் துருப்பிடித்திருக்கலாம். பிஸ்டன் சிக்கியிருக்கலாம். பேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எண்ணெய் குடித்த பேட்டைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், தூக்கிப்போடுங்கள்.

பிரேக் போடாமலே இழுக்கிறது, வண்டி தள்ளினால் கனமாக இருக்கிறது என்றால் கதை வேறு. ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் போய்விட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்துங்கள். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பது போல ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். "சொய்ங்" என்கிற சக்கரம்தான் குற்றவாளி. கையை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் உரியும்.

இப்போது அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். கையால் சுற்ற முடியாமல் இருக்கும்போதே ஏர் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். கேலிப்பர் நிரபராதி. ரப்பர் ஹோஸின் உள்தோல் உரிந்து ஒரு கதவு மாதிரி ஆகியிருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புத்தம் புதுசு மாதிரி இருக்கும், அதுதான் அதன் சாமர்த்தியம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ துருவில் சிக்கியிருக்கிறது, கேலிப்பரைப் பிரிக்கலாம். இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள்.

இந்த ஒரு நிப்பிள் சோதனை தெரியாமல் கேலிப்பர் மாற்றி, பிறகு பேட் மாற்றி, பிறகு டிஸ்க் மாற்றி, கடைசியில் ஹோஸுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பின் சக்கரம் இழுக்கிற வண்டி, அதாவது அம்பாசிடர், ஆம்னி வைத்திருப்பவர்கள் பின் டிரம்மில் எண்ணெயைக் கண்டால் முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் ஆக்ஸில் சீல் போய் கியர் ஆயில் இறங்கியிருக்கிறது. வீல் சிலிண்டரைப் பழிக்க வேண்டாம்.

மழைத் தண்ணியில் இறங்கிய பின், மலையில் இறங்கும்போது

துரைசாமி சப்வேயோ கணேசபுரம் சப்வேயோ, தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியவுடன் பிரேக் இல்லாத மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். டிரம்முக்குள் தண்ணீர். மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக நாலைந்து முறை மிதித்தால் சூட்டில் காய்ந்துவிடும். ஆனால் சக்கரம் முழுகும் அளவுக்கு வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவாமல் ஓட்டக் கூடாது. அந்தச் சேறு காய்ந்தால் உப்புத்தாள்தான்.

மலையில் நடப்பது வேறு. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கினால், கீழே வரும்போது ஒன்று பெடல் கெட்டியாக இருந்தும் பிடிக்காது, அல்லது பெடல் திடீரென்று பஞ்சாகிவிடும். முதலாவது பேட் சூடேறியது, கருகிய வாடையும் வரும். ஆற விட்டால் திரும்பி வரும். இரண்டாவது, தண்ணீர் குடித்த பழைய ஆயில் கேலிப்பருக்குள் கொதித்து ஆவியானது. ஊருக்குத் திரும்பியதும் "இப்ப நல்லா இருக்கே" என்று விட்டுவிடாதீர்கள், ஆயிலை முழுசாக மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், அவ்வளவுதான்.

அதிர்வு, சத்தம்

பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முன் டிஸ்க்கைப் பாருங்கள். பெடலும் சீட்டும் மட்டும் நடுங்கினால் பின் டிரம் வட்டம் போயிருக்கலாம். லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆனால் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள், சீவிய பிறகும் அதற்குக் கீழே போகக் கூடாது.

கிறீச் என்ற மெல்லிய சத்தம் பேட் தீரப்போவதன் அறிவிப்பு. லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசினால் அறிவிப்புக் காலம் முடிந்துவிட்டது. இரவு மழை பெய்து மறுநாள் காலை முதல் இரண்டு மிதியில் மட்டும் கரகரத்தால் டிஸ்க்கில் படிந்த மேல்துரு, தானே போய்விடும்.

ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை

பாலத்து ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும்போதுதான் இது நினைவுக்கு வரும். மேலே சொன்ன டிரம் வேலையை முடித்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தானே சரியாகிவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்றில் கேபிள் உள்ளேயே துருப்பிடித்து, இழுத்தால் போகும், விட்டால் வராது. எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்க முயலாமல் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.

பாகம் வாங்குவதும் மாட்டிய பிறகும்

கண்ணாடி, கதவுக் கைப்பிடி, டாஷ்போர்டு துண்டு எல்லாம் நானும் புதுப்பேட்டையில்தான் தேடுவேன். பிரேக்குக்கு மட்டும் பழையது வாங்க மாட்டேன். இன்னொரு வண்டியில் இருபது வருடம் இருந்த ரப்பரை என் வண்டியில் மாட்டுவதில் அர்த்தமில்லை. ஜி.பி. ரோட்டில் புதிதாகவே கிடைக்கும், பெட்டியோடும் பில்லோடும் வாங்குங்கள். சென்னையின் பாடி பகுதியில் 1960-களிலிருந்து பிரேக் பாகங்கள் செய்துகொண்டிருக்கிற ஊர் இது, இங்கே நல்ல பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

புது பேட் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. காலியான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரைக்கும் மிதமாக, பத்து முறை, இடையில் ஆறவிட்டு வேகத்தைக் குறையுங்கள். வண்டியை முழுசாக நிறுத்திப் பெடலைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேல் சென்னையில் இதற்கு இடம் கிடைக்காது. ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அதனால் வேலை முடிந்தபின் முதல் மிதி நேரே தரைக்குப் போகும். இன்ஜினைத் தொடும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதித்துவிடுங்கள். அதை மறந்து நேரே ரிவர்ஸ் எடுத்தவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் வீட்டு இரும்பு கேட் இன்னும் பம்பர் அளவுக்கு உள்வாங்கியேதான் நிற்கிறது.